இருபத்துமூன்றுக்கு இருபத்துநான்கு

சென்ற பங்குனியில் ஒரு காலை எழும்பிப் பார்க்கிறேன், அண்ணை வேலிப்பொட்டை அடைத்துவிட்டார். அவருடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் கிளுவை வேலி. அதில் ஓர் ஆள் நிமிர்ந்தபடி போய்வரக்கூடிய ஒரு பொட்டு. மற்ற வேலிகளில் பொட்டு என்றால் குனிந்துதான் நுழைய வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு அண்ணை குனியக்கூடாது என்று வைத்தியர் சொன்னதால், இதை நான்தான் ஆள் பிடித்து உயர்த்தினேன். இப்போது அந்த வழியில் துருப்பிடித்த கூரைத்தகரம் ஒன்று கம்பியால் கட்டியபடி நின்றது. மேல்கட்டுகள் நல்ல இறுக்கம். கீழ்க்கட்டு ஒப்புக்குச் சுற்றியிருந்தது. குனிய ஏலாத மனிதர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தானே கட்டியிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். "போங்கோ, போய்த் தகரத்தோடை இருங்கோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனேன். தண்ணி கொதிக்க முதல் பயமும் வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், லண்டனில். அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து நின்றபோது, அண்ணை சந்தையிலிருந்து அனுப்பிய தேங்காய்ச் சாக்குகளை மூத்தவர் முற்றத்தில் கொட்டி, இனசனம் எல்லாருக்கும் முன்னால் எண்ணினார். தேங்காய் சரியாக இருந்தது. வழமைபோல ஒன்று கூடவும் இருந்தது. அன்றிலிருந்து அண்ணைக்கு மூத்தவரோடு கதையில்லை. பதினாலு வருடம். மூத்தவர் லண்டனில் செத்த செய்தி வந்த அன்று, அண்ணை தலைமுழுகிவிட்டுச் சோறும் தின்னாமல் பகல் முழுக்கக் கதிரையில் இருந்தார். ஆனால் அங்கே ஒரு ரெலிபோன் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். "எண்ணிப் பாத்தவர் அவர்" என்றார், அவ்வளவுதான்.

இதை நான் கண்ணால் கண்டவள். எனக்குக் கலியாணம் இல்லை. அண்ணி போய் ஆறு வருடம், பிள்ளைகள் கனடாவில். மத்தியானச் சோறு இரண்டு பேருக்கும் என் குசினியில்தான். இந்த ஊரில் எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு மனிதர். அவரும் இனிச் சாகும்வரை என்னோடு கதைக்கமாட்டாரோ என்பதுதான் அன்று காலை என் பிரச்சினை. அதைச் செய்துவைத்தது நானும் என் வாயும்.

அண்ணைக்குக் கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம். நாற்பது வருடம் எண்ணிய கை. சோடி சோடியாக எடுத்து எறிந்து எண்ணுவார். வெளியாள் ஒருவர் வாங்க வந்தால் சத்தமாக எண்ணுவார். ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று ஒரு காயும் விடாமல் போகும். முடிவில் மேலுக்கு ஒரு காயைப் போட்டுவிட்டு, "ஒருக்கா எண்ணிப் பாத்திட்டு எடுங்கோ" என்பார். தெரிந்த ஆள் என்றால் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. கும்பலை ஒரு பார்வை பார்ப்பார், அடிவரியை மட்டும் எண்ணுவார், தொகையைச் சொல்லுவார், மேலுக்கு ஒன்று போடுவார், "ஏத்து" என்பார். வாங்குபவனும் எண்ணாமல் ஏற்றிக்கொண்டு போவான். சந்தேகம் வந்தால் அடுத்த கிழமை வேறு ஆளிடம் போகலாம், அதற்கு யாரும் கோபிப்பதில்லை. ஆனால் எண்ணிக் கொடுத்தவன் கண்ணுக்கு முன்னால் கும்பலைத் திருப்பி எண்ணினால், அன்றோடு நீ வெளியாள். இது எழுதிவைத்த சட்டமல்ல, ஆனால் அந்தச் சந்தையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் சந்தையிலேயேதான் தேங்காய் மட்டையில் சறுக்கி விழுந்தார். தகடு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபிறகு மனிதரைச் சமாளிக்க ஏலாமல் போயிற்று. பேப்பரைப் படித்துவிட்டுப் பேப்பர்க்காரனைப் பேசுவார். நாயைப் பேசுவார். என் கறியில் உப்பைப் பேசுவார். "சும்மா இருக்கிற வாய் ஊரைத் தின்னும்" என்று ஒருநாள் சொல்லிப்போட்டு, என்னிடம் இருந்த வேலையில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தேன்.

என்னிடம் இருந்த வேலை இது. இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி கைபேசிக்கு அவ்வப்போது கணிதக் கட்டுரைகள் அனுப்புவாள். அப்படி வந்த ஒன்று நீள்வளைய வளையிகள் என்ற ஒருவகை வளைகோடுகளைப் பற்றியது. பெயர் பெரிது, ஆனால் செய்ய வேண்டிய வேலையைச் சந்தை மொழியில் சொல்லலாம். ஒரு முதன்மை எண்ணை, ஒன்றையும் தன்னையும் தவிர வேறொன்றாலும் வகுபடாத எண்ணை, எடுத்துக்கொள். ஏழு என்று வைப்போம். இனி உலகத்தில் பூச்சியம் முதல் ஆறு வரைதான் எண்கள். கூட வந்தால் ஏழு ஏழாகக் கழித்து மீதியை மட்டும் வைத்துக்கொள். ஒவ்வொரு எண்ணுக்கும், அதன் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழி. இது ஒரு வளையியின் விதி, மற்ற வளையிகளுக்கு வேறு விதி. வருகிற மீதி, இந்த ஏழு எண்களில் ஏதாவது ஒன்றின் வர்க்கமாக இருந்தால் இரண்டு புள்ளி. பூச்சியமாக இருந்தால் ஒரு புள்ளிதான். இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டி, முடிவிலியில் இருக்கும் ஒரு புள்ளியையும் சேர். ஏழுக்கு எட்டு வரும். ஐந்துக்கும் எட்டுத்தான் வரும். பதின்மூன்றுக்கும் எட்டு.

முதன்மை எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, எதிர்பார்க்கக்கூடிய தொகை. உண்மையில் வருவது அதற்குக் கொஞ்சம் கூடும், அல்லது குறையும். எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் விலகல் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லச் சுலபமான வழி இல்லை. இருபத்தொன்பதுக்கு நாற்பது புள்ளி, பத்துக் கூட. ஐம்பத்துமூன்றுக்கும் அதே நாற்பது, பதினாலு குறைய. தனித்தனியே பார்த்தால் விசர்க் கணக்கு. ஆனால் நிறைய எண்ணி, விலகல்களை எல்லைக்கு ஏற்றபடி சுருக்கிக் குவித்துப் பார்த்தால், பெரும்பாலான வளையிகளுக்கு அந்தக் குவியல் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி ஒரே வடிவத்தில் வரும் என்று கட்டுரை சொன்னது. இப்போது கணினியில் பெருந்தொகை வளையிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்களாம். அதில் யாரும் எதிர்பாராத விதமாக ஓர் அலை ஏறி இறங்குகிறதாம். கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஓய்வுபெற்ற பிறகு அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

அந்தச் சட்டியை என் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்பட்டேன். மாணவி சிரித்தாள். "ரீச்சர், கணினி ஒரு செக்கனிலை தந்திடுமே" என்றாள். "கணினி தந்தாக் கணினிக்குத்தான் விளங்கும்" என்றேன். பிழையான கொள்கைதான், ஆனால் நான் அப்படி வளர்ந்தவள். கையால் எண்ணச் சுகமாக இருக்குமென்று, கனத்திலிருந்து எண்ணைக் கழிக்கும் அந்த எளிய வளையியைத் தெரிந்தெடுத்தேன். அது அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கம்தான், பெருக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

அண்ணைக்குச் சதுரக்கட்டக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்து, ஏழுக்கு எப்படி என்று காட்டினேன். பெருக்கலில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். முடிவிலிப் புள்ளியைச் சேர்க்கச் சொன்னபோது மட்டும் பென்சிலை நிறுத்தினார்.

"உது எங்கை கிடக்கிற புள்ளி?"

"எங்கையும் இல்லை. எல்லாக் கணக்குக்கும் ஒண்டு சேக்க வேணும், அவ்வளவுதான்."

"அப்ப கணக்குப் படிச்ச நீங்களும் மேலுக்கு ஒண்டு குடுக்கிறனியள்" என்று சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பிறகு மூன்று கிழமை வீடு அமைதி. காலையில் கொப்பியோடு இருந்தால் மத்தியானம் நான் கூப்பிட்டால்தான் எழும்புவார். கறியில் உப்பு சரியாகிவிட்டது. நாய்கூட அவர் கதிரைக்குக் கீழே போய்ப் படுக்கத் தொடங்கியது. நூறுக்குள் இருக்கும் இருபத்துநான்கு ஒற்றை முதன்மை எண்களையும் எண்ணி முடித்து, விடைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒருநாள் பின்னேரம் தந்துவிட்டார்.

நான் விலகல்களைக் கணித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியாகக் குவித்தேன். சட்டி வரவில்லை. நடுவில், பூச்சியத்துக்கு மேலே ஒரு கம்பம் எழும்பி நின்றது. இருபத்துநான்கில் பதின்மூன்று, எதிர்பார்த்த தொகையேதான். மூன்றுக்கு நாலு, ஏழுக்கு எட்டு, பதினொன்றுக்குப் பன்னிரண்டு, பத்தொன்பதுக்கு இருபது, இருபத்துமூன்றுக்கு இருபத்துநான்கு, முப்பத்தொன்றுக்கு முப்பத்திரண்டு. மிச்சப் பதினொன்றும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தன.

இருபத்தெட்டு வருடம் கொப்பி திருத்தியவளின் மூக்கு இதற்கென்றே பழக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் ஊசலை ஆட்டாமலே ஆட்டியதாக எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளின் விடை எப்போதும் அச்சொட்டாக இருக்கும். உண்மையில் செய்தவனுக்குக் கொஞ்சம் பிழைக்கும். பாதிக்கு மேல் அச்சொட்டு என்றால் எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு கொப்பியைக் கேட்டேன். கொண்டுவந்துதான் இருந்தார். பத்தொன்பது வரை பக்கங்கள் நிறைய எழுதியிருந்தது. இருபத்துமூன்றின் பக்கத்தில் இரண்டே இரண்டு வரி. இரண்டுக்கு ஒன்று, இருபத்தொன்றுக்கு ஒன்று. கீழே விடை, இருபத்துநான்கு. முப்பத்தொன்றின் பக்கமும் அப்படியே. நாற்பத்துமூன்று, நாற்பத்தேழு, எல்லாம் அப்படியே.

"அண்ணை, செய்கை எங்கை?"

"தேவையில்லை."

"என்னண்டு தேவையில்லை?"

"முதல் சோடியைப் பாத்தாத் தெரியும். பிரிஞ்ச சோடியெண்டா மிச்சமெல்லாம் பிரிஞ்சுதான் வரும். எண்ண வேண்டாம்."

"உந்தச் சந்தைக் கணக்கை இஞ்சை காட்டாதேங்கோ."

சொன்னேன். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. நான் அதோடு விட்டிருக்கலாம். "ஒருக்காத் திருப்பி எண்ணித் தாங்கோ" என்று அவரையே கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சந்தையில் அதற்கு இடமுண்டு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி, இருபத்துமூன்றை அவர் கண்ணுக்கு முன்னால் நானே எண்ணத் தொடங்கினேன்.

அரைமணித்தியாலம் எடுத்திருக்கும். அவர் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு வந்தது.

"சரி, உது தற்செயலா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்றுக்குப் பக்கத்தைப் புரட்டினேன். கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. தடியை ஊன்றிக்கொண்டு குசினிக் கதவால் போய், பொட்டால் போய்விட்டார். மறுநாள் காலை தகரம்.

அன்றும் நான் திருந்தவில்லை. அவர் ஏமாற்றினார் என்று நிறுவிவிட்டால் கோபிக்கிற உரிமை எனக்கு வந்துவிடும் அல்லவா? குசினி மேசையில் இருந்து முப்பத்தொன்றை எண்ணினேன், முப்பத்திரண்டு. நாற்பத்துமூன்றுக்கு ஒரு பின்னேரம் போயிற்று, நாற்பத்துநான்கு. நாற்பத்தேழுக்கு நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்பதுக்கு அறுபது வந்தபோது எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது. மனிதர் எண்ணவே இல்லை, ஆனால் எல்லாம் சரி. ஒரே ஆளுக்குச் சோறு வைத்தால் அளவு தெரியாமல் போய், மூன்று நாளும் மிச்சத்தை நாய்க்குப் போட்டேன்.

நாலாம் நாள் அறுபத்தேழின் வர்க்க மீதிகளைப் பட்டியல் போடுகையில்தான் கண் திறந்தது. பட்டியலில் ஒன்று இருந்தது, அறுபத்தாறு இல்லை. நாலு இருந்தது, அறுபத்துமூன்று இல்லை. ஒன்பது இருந்தது, ஐம்பத்தெட்டு இல்லை. சேர்த்தால் அறுபத்தேழு வருகிற எந்தச் சோடியை எடுத்தாலும் ஒன்று உள்ளே, மற்றது வெளியே. என் வளையியோ, இரண்டுக்கு என்ன மீதி தருகிறதோ, அதன் சோடியான அறுபத்தைந்துக்கு அதன் எதிரைத்தான் தரும். ஆகவே ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு இரண்டு புள்ளி, மற்றதற்கு ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒன்று என்று சராசரி விழும். எண்ணத் தேவையே இல்லை. நாலால் வகுத்து மூன்று மிஞ்சுகிற முதன்மை எண் எதுவானாலும் இதே கதைதான், முதன்மை எண்களில் ஏறத்தாழப் பாதி அந்த வகை. மற்ற வகையில் சோடி இரண்டும் சேர்ந்தே வரும், பாதியை எண்ணி இரண்டால் பெருக்கினால் காணும். அண்ணையின் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். இருபத்தொன்பது முதல் அந்த மற்ற வகை எண்களின் பக்கங்களில் சரியாகப் பாதி வரிகள்தான் இருந்தன.

கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான வளையிகளுக்குச் சட்டி, சில விசேட வளையிகளுக்கு மட்டும் பாதி விலகல்கள் பூச்சியத்தில் குவியும் என்று தெளிவாக எழுதியிருந்தது. உதாரணமாகக் காட்டியிருந்தது நான் எளிதென்று எடுத்த அதே வளையியை. இரண்டு தரம் வாசித்தேன் என்று சொன்னேனே, இரண்டு தரமும் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

உயர்தர மாணவன் ஒருவன் பத்து நிமிடத்தில் நிறுவக்கூடிய விசயம். நாற்பது வருடம் சோடி பார்த்து எண்ணியவர் பத்தொன்பதிலேயே கண்டுபிடித்துவிட்டார். படிப்பித்தவள் அறுபத்தேழுவரை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லலாம்தான். ஆனால் ஆனை சறுக்கினால் தான் விழும், நான் இன்னொருவரையல்லவா விழுத்திவிட்டேன்.

பின்னேரம் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றி அவர் படலைக்குப் போனேன். பொட்டு வந்த பிறகு அந்தப் படலையால் நான் உள்ளே போனது அண்ணியின் செத்தவீட்டுக்குத்தான். அண்ணை விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாய் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. என் சோற்றைத் தின்றுவிட்டு அங்கே போய்ப் படுக்கிற நாய்.

"அண்ணை, நீங்கள் போட்டது எல்லாம் சரி."

"சரியெண்டு எனக்குத் தெரியும்." கொப்பியைப் பார்த்தபடி கேட்டார், "நீ எண்ணினனியோ?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது, அதுவும் ஒரு திமிர்தான்.

"ஓம். ஐம்பத்தொன்பது வரைக்கும் எண்ணினன்."

"எண்ணிப் பாத்துச் சரியெண்டு சொல்ல ஆரும் வருவினம். அதுக்கு நீ ஏன் வந்தனி?"

நிறுவலை எல்லாம் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போனவள், படலையடியில் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அறுபத்தேழோடை விட்டிட்டன். எண்ணத் தேவையில்லையெண்டு அதிலைதான் விளங்கினது. நீங்கள் எண்ணாமல் விட்டதுதான் சரி. நான் சொன்ன கதை பிழை, அண்ணை. எனக்கு அண்டைக்கு விசர்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். இருக்கச் சொல்லாத வீட்டில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போனால் பிறகு வர ஏலாது என்று மட்டும் தெரிந்தது. பதினாலு வருடம் என்ற எண் தலைக்குள் சுற்றியது.

"உனக்கு எண்டைக்குத்தான் விசர் இல்லை" என்றார் கடைசியில். "கொப்பியை வைச்சிட்டுப் போ. நூறுக்கு மேலை எத்தினை வரைக்கும் வேணும்?"

"இருநூறு வரைக்கும்."

"சரி."

அடுத்த நாள் காலை தகரத்துக்கு அந்தப் பக்கம் குறடு சத்தம் கேட்டது. மேல்கட்டுகளை அவர் வெட்டினார், கீழ்க்கட்டை நான் இந்தப் பக்கமிருந்து குனிந்து அவிழ்த்தேன். மத்தியானம் வந்து இருந்து சாப்பிட்டார். கறியில் உப்புக் குறைவு என்றார். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு இனித்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இந்த முறை நேரம் எடுத்தது. மூன்று கிழமையில் முடித்தவர், இரண்டரை மாதம் எடுத்தார். எண்கள் பெரிசு, கையும் ஓய்ந்திருக்கும் என்று நினைத்து நான் கேட்கவில்லை. சில நாள் பின்னேரமும் பொட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வாய்க்குள் பெருக்குகிற சத்தம் கேட்கும். சோறு போடுகையில் விரல்நுனிகளில் பென்சில் கறுப்பு இருக்கும்.

ஆனி முடிய ஒரு மத்தியானம் கொப்பியோடு வந்தார். ஒன்றல்ல, ஐந்து கொப்பி. மேசையில் அடுக்கி வைத்துவிட்டுத் தண்ணி குடித்தார். நான் மேலே இருந்ததைத் திறந்தேன்.

நூற்றுமூன்று. நாலால் வகுத்தால் மூன்று மிஞ்சுகிற எண். முதல் சோடியைப் பார்த்தால் போதும், இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டியது. பூச்சியம், ஒன்று, இரண்டு என்று தொடங்கி வரிகள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பெருக்கல், மீதி, பட்டியலில் உண்டா இல்லையா என்று அடையாளம், எத்தனை புள்ளி என்று தொகை. பக்கம் முடிந்து அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். கடைசியில் மேலுக்கு ஒன்று சேர்த்து, நூற்றுநான்கு. நூற்றேழைத் திறந்தேன், அதுவும் அப்படி. நூற்றிருபத்தேழு, நூற்றுமுப்பத்தொன்று, எல்லாம் அப்படி. ஒரு சோடியைக்கூட அவர் எண்ணாமல் விடவில்லை.

"அண்ணை, இதெல்லாம் தேவையில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கதிரையை இழுத்து இருந்து, சோற்றுக் கோப்பையைத் தனக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"செய்கை வேணுமெண்டனி. கிடக்கு" என்றார். "ஒருக்கா எண்ணிப் பாத்திட்டு எடு."

நான் கொப்பியை மூடிவிட்டுச் சோற்றைப் போட்டேன். நூற்றுமூன்றின் பக்கங்களில் நூற்றுமூன்று வரிகள் இருந்திருக்க வேண்டும். நான் எண்ணவில்லை.